நேரம் குறித்தவள்

என் மருந்துக்கடையில் அவன் நின்ற நேரத்தையெல்லாம்
ஒருநாள் கூட்டிப் பார்த்தேன்.
பதினோரு நிமிடம், சில வினாடி.
அதற்குள் ஓர் ஆளை எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

கிராஸ்னிஸ்தாவில் எல்லோர் கண்ணிலும் படும் கடிகாரம் இரண்டு.
தேவாலயத்தில் இருப்பது ஈரக் காற்றடித்தால் தன்னிஷ்டம்.
மற்றது என் கல்லாவுக்கு மேலே.
அதனால்தான் சைக்கிள் சங்கத்தார்
குறிப்பேட்டை என்னிடம் தந்தார்கள்:
பந்தயக்காரன் இறங்குவான், மையில் கையெழுத்திடுவான்,
நீங்கள் நேரம் எழுத வேண்டும்.
தண்ணீர் கொடுக்கலாம். தள்ளிவிடக் கூடாது.

1928. எண் 34. தெயோஃபில் வ்ரோனா, வார்சா.
வ்ரோனா என்றால் எங்கள் மொழியில் காகம்.
புழுதியும் மசகெண்ணெயும் அப்பி
பெயருக்கேற்ற நிறத்தில் வந்தான்.
உதிரி டயர் இரண்டு, மார்பில் குறுக்கும் நெடுக்கும்.
மூன்று பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு
"எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்றான்.
ஏழு என்றேன்.
முட்டை ஓடுகள் என் தராசுத் தட்டில் கிடந்தன.
சும்மாதான் நிறுத்துப் பார்த்தேன். பதினெட்டு கிராம்.

மறுவருடம் பந்தயம் வேறு பாதையில் போயிற்று.
ல்வூஃப் போய்ச் சேர்ந்த நாளில் அவன்தான் முதல்,
செய்தித்தாளில் ஒன்றரை வரி.
பரிசு ஒரு வானொலிப் பெட்டி.
வோலாவில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
அவன் வீட்டில் மின்சாரம் கிடையாது.
லெயோகாத்யா அதன் மேல் ரொட்டி மாவை
உப்ப வைக்கிறாள் என்று
சங்கத்து ஆள் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பெட்டியின் உயரம் அதற்குச் சரியாகத்தான் இருந்திருக்கும்.

1931.
எங்கள் தெருக் கற்களைப் பூனைத்தலை என்போம்.
அந்தத் தலைகளின் மேல் ஒரு வாத்துக்கூட்டம்,
வாத்துக்கூட்டத்தின் மேல் அவன்.
முன்கவை வளைந்துவிட்டது.
யாரும் உதவக் கூடாது, விதி.
கசாப்புக்காரனும் கன்னியாஸ்திரீயும்
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.
கவையை என் வாசல் கம்பிகளுக்கிடையே செருகி
முழு உடம்பையும் சாய்த்தான்.
கம்பி வளைந்தது.
கவை முக்கால்வாசி நிமிர்ந்தது.
பதினோரு நிமிடத்தில் ஆறு இதிலேயே போயிற்று.
கையெழுத்துப் போட்டுவிட்டு
"கம்பிக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.
போ, போ என்று கத்தினேன்.
அது தள்ளிவிட்டதாகாது என்று நினைக்கிறேன்.

1933. எண் 12.
பியாஸ்கி தாண்டி விழுந்து காறை எலும்பு இரண்டு துண்டு.
நள்ளிரவு வரை விளக்கை அணைக்காமல் இருந்து
வரவில்லை என்று எழுதினேன்.

1937இல் கடைசியாக வந்தான்.
நாற்காலிகளைக் கூட உள்ளே எடுத்தாகிவிட்டது.
கன்ன மயிர் நரைத்திருந்தது, அல்லது புழுதி.
எத்தனை பேர் என்று அவன் கேட்கவில்லை.
முழங்காலுக்கு ஐயோடின் கேட்டான்.
தண்ணீர் மட்டும்தான் என்கிறது விதி; தடவிவிட்டேன்.
முப்பது க்ரோஷை எண்ணி வைத்தான்.

பிறகு அந்த செப்டம்பர்.
கண்ணாடியில் காகிதப் பட்டை ஒட்டியிருந்தேன்.
லூப்ளின் சாலையிலிருந்து வண்டிகள், மாடுகள்,
தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி,
மெத்தையைத் தலையில் வைத்தபடி ஒரு நீதிபதி.
அவர்களுக்கு நடுவே அவன்.
எண் இல்லை. டயர்கள் இருந்த இடத்தில்
ராணுவத் தபால் பை குறுக்கே தொங்கியது.
வளைந்த கம்பியில் சைக்கிளைச் சாய்த்தான்.
தண்ணீர் குடித்தான்.
பழக்கம்தானே, கடிகாரத்தைப் பார்த்தான்.
எனக்கும் என்ன தோன்றியதோ, குறிப்பேட்டை எடுத்து விரித்தேன்.
கையெழுத்திட்டான்.
10.42 என்று எழுதினேன்.

"எனக்கு முன்னால் எத்தனை பேர்?"

தெருவைப் பார்த்தேன்.
எல்லோரும், என்றேன்.

தலையாட்டிக்கொண்டு ஏறினான்.
பத்தடி போய்த் திரும்பி,
ஏதோ நேற்றுத்தான் வளைந்தது போல,
"இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது, அம்மணி" என்றான்.